கல் எடுத்தார்கள் என்று சொன்னேன்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அங்கே இருக்கிற அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் வாயில் 'சத்துணவு டீச்சர்'. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் ஒழுங்காக வந்து, ஒழுங்காக வெந்து, பிள்ளைகள் தட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

அப்போது என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. இந்த வேலையில் ஒல்லியாக ஒருத்தி இருந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. குண்டாக இருந்தால் போச்சு. "புள்ளைங்க முட்டையெல்லாம் எங்க போவுதுன்னு இப்ப தெரியுதா?" என்று பால் ஊற்றுகிற இடத்தில் என் காதுபடவே சொல்வார்கள். "ஆமா, ஓட்டோட முழுங்கிகினு கீறேன்" என்று நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாளும் உண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், ருசி பார்க்க எடுக்கும் ஒரு கரண்டியைத் தவிர பள்ளிக்கூடத்துச் சோறு என் வயிற்றுக்குள் போனதே இல்லை. என்னுடையது அம்மா வழி உடம்பு. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் சதை போடும்.

எங்கள் சமையலர் எனக்கு நேரெதிர். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பதினொரு வருடமாக ஒரே சமையலறையில் இருக்கிறோம். அரிசி மூட்டையை என்னைத் தொடவே விட மாட்டாள். "நீ எட்டக் குந்துக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவளே இழுத்துக்கொண்டு போவாள். அத்தனை எலும்புக்குள் அவ்வளவு பலம் எங்கேதான் இருக்கிறதோ. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறவர்.

எனக்குச் சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, கடைசியில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் தூங்காமல் என் மூச்சையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எடை குறைக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்களாம். நான் பயந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தா போதும், எந்த சைஸ்ல இருந்தாலும் சரி. ஆனா இருக்கணும்" என்றார். அதற்கு மேல் எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த கூழ் மாதிரி, அப்புறம்தான் மெத்தென்ற சாப்பாடு. ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. "வேலைக்கு எப்பப் போகலாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, என்கிட்ட காட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

நான்தான் அதற்கு முன்பே ஒரு புத்திசாலித்தனம் செய்து வைத்திருந்தேனே. ஊரில் என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், பித்தப்பையில் கல், எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். 'தின்று கொழுத்ததை வெட்டி எடுக்கப் போயிருக்கிறாள்' என்று ஒருத்தர் வாயிலும் வரக் கூடாது என்ற ரோஷம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. எங்கள் சமையலருக்கும்தான்.

பொய் சொன்னால் அது நம்மைச் சும்மா விடாது. கல் எடுத்தவர்கள் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் ஒரு கதை வைத்திருந்தாள். ஒருத்தியின் நாத்தனார் பத்தாம் நாளே நடவுக்குப் போனாளாம். இன்னொருத்தி பன்னிரண்டாம் நாள் கட்டுத் தூக்கினாளாம். நான் மட்டும் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தால் என்ன நினைப்பார்கள்? எனக்கு எப்போது வேலைக்குப் போக வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, என் உடம்பும் முடிவு செய்யவில்லை. இல்லாத அந்தக் கல்தான் முடிவு செய்தது. பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். பதினாறாம் நாள், திங்கட்கிழமை, புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

ஆடி மாதமாக இருந்ததில் ஒரு சௌகரியம். டம்ளரில் கரைத்த கூழை நான் மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருந்ததை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் சத்துணவு வேலையில் தப்பிக்க முடியாத ஒரு காரியம் உண்டு. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் நாங்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை, "இன்னைக்கு விரதம்" என்று சொல்லித் தப்பித்தேன். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, அவரே ருசி பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை புலாவ். அன்று ருசி பார்க்கப் பெற்றோர் சார்பில் ஓர் அம்மா வந்திருந்தார். பால் ஊற்றுகிற இடத்தில் முட்டைக் கதை பேசுபவர்களில் முதல் ஆள் அவர்தான். நான் மறுபடியும் விரதம் என்று வாயைத் திறந்ததும், "இன்னா டீச்சர், தெனமும் வெரதமா? இல்ல, எங்க புள்ளைங்க துன்ற சோறு உனுக்கு எறங்காதா?" என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று ஏறிவிட்டது. கரண்டியை வாங்கி, நாலு கடலையும் ஒரு வாய்ச் சோறுமாக அள்ளிப் போட்டு, இரண்டு மெல்லு மெல்லி விழுங்கினேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. நெஞ்சுக்கு நடுவில் எவனோ முழங்காலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. வாயெல்லாம் எச்சில் ஊறி நுரை நுரையாக வழிகிறது. குழாயடிக்கு ஓடினேன், பாதியிலேயே வாந்தி. கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதையெல்லாம் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்த அறுபத்திரண்டு பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"ஐயையோ, சோத்துல பல்லி கில்லி வியுந்துகீது!" என்று அந்த அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "யாரும் சாப்பிடாதீங்க, தட்டைக் கீழே வைங்க!" என்று பெரிய டீச்சர் கத்தினார். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு அழ ஆரம்பித்தன. பெரிய டீச்சர் போனை எடுத்து ஒன்றிய ஆபீஸ் நம்பரைத் தேடினார். அந்த போன் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பானையைச் சீல் வைப்பார்கள், விசாரணை வரும், விசாரணை முடிகிறவரை சமையலருக்கு வேலை கிடையாது. பல்லி இல்லை என்று பிறகு தெரிந்தாலும், 'அவ ஆக்குன சோத்துல பல்லி' என்ற பேச்சு போகவே போகாது.

அவள் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கரண்டியை விட்டுப் பானைக்குள் துழாவித் துழாவிப் பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. பின்னே, பதினொரு வருடம் கூட இருந்தவள் ஒரு வாய் தின்றதும் சுருண்டு விழுந்தால் வேறென்ன நினைப்பாள்? என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு தட்டை எடுத்து, கரண்டி நிறைய அள்ளிப் போட்டு, எல்லோரும் பார்க்கச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய், வாணாம்! நீயும் வியுந்துடப் போற!" என்று யாரோ தடுத்தார்கள்.

"வுடு. நான் ஆக்குன சோறு. இதுல இன்னா கீதோ, மொதல்ல எனுக்கு ஆவட்டும்" என்றாள்.

முதல் கரண்டி அவள் சாப்பிட்டபோது எனக்கு வலியில் பேச முடியவில்லை. இரண்டாவதுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டியை அவள் அள்ளும்போது எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆனாலும் நான் பேசவில்லை. ஊரே கூடி நிற்கிறது, அந்த முட்டைக்கார அம்மா என் பக்கத்திலேயே நிற்கிறார், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் நாலாவது கரண்டி எடுத்தாள். சோறு பாதி கீழே சிந்தியது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மென்றுகொண்டே இருக்கிறாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நிறுத்துடி" என்று கத்திவிட்டேன். "சோத்துல ஒண்ணியும் இல்ல. எனுக்கு கல்லு எடுக்கல. பொய் சொன்னேன். உடம்பு எளைக்க வயித்தையே வெட்டி எடுத்துட்டாங்க. நான் இத்தெல்லாம் துன்னக் கூடாது. டீச்சர், போனை வைங்க."

எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் பேசியது அந்த அம்மாதான். "வயித்தையே வெட்டிட்டாங்களா? அத்த வெச்சிகினு ரெண்டு வாரத்துல இன்னாத்துக்குடி இங்க வந்து நிக்கிற? எனுக்கு சிசேரியன் பண்ணப்ப மூணு மாசம் எங்கம்மா ஒரு கொடம் தூக்க வுடல!" என்று என்னைத் திட்டிக்கொண்டே, தன் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே குழந்தை மாதிரி அழுதேன்.

பெரிய டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்து, பிள்ளைகளுக்குப் போடச் சொன்னார். சமையலர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு பரிமாறப் போய்விட்டாள். கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிக்கொண்டு போன பிறகுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊருக்குச் சொல்லல, சரி. என்கிட்ட இன்னாக்கா?" என்றாள். "நான் சிரிப்பேன்னு நென்ச்சியா?"

அவளே என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, எழுப்பி, வீட்டுக்குக் கூட்டிப்போக ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். "டாக்டரு சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டுன, கரண்டியாலியே போடுவேன்" என்றாள். அவள் செய்யக்கூடியவள்தான்.

மறுநாளே சென்னைக்குப் போய்க் காட்டினோம். தையல் பிரியவில்லை, நல்ல காலம் என்றார் டாக்டர். அவர் திட்டியதை இங்கே எழுதினால் பக்கம் போதாது. என் வீட்டுக்காரர் திட்டவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம் நாலு வாரம். தினமும் வேலை முடிந்ததும் அவள் என் வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடத்துப் பருப்பில் ஒரு மணிகூட எடுக்காதவள், தன் வீட்டுப் பாசிப்பருப்பை வேகவைத்துக் கடைந்து, ஒரு சின்ன தூக்கில் கொண்டுவருவாள். நான் ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். முட்டைக்கார அம்மாவும் ஒரு நாள் பூசணிக்காயை மசித்து எடுத்துக்கொண்டு வந்து, "இத்தினூண்டுதான் துன்னுவியா? பேஜாராப் போச்சே" என்று கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர் சிரித்ததா என்றால், சிரித்துத்தான் இருக்கும். என் காதுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

ஏழாவது வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலைக்குப் போனேன். அந்தக் காகிதத்தை முதலில் சமையலறையில்தான் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ம், உள்ள வா" என்றாள். இப்போது ருசி பார்க்கும்போது ஒரே ஒரு சின்ன ஸ்பூன்தான், கூழாகிறவரை மென்றுதான் விழுங்குவேன். அவ்வளவு நேரமும் பிள்ளைகள் தட்டோடு காத்திருப்பார்கள்.

இப்போது என் எடை எழுபத்தாறு. எல்லோரும் எவ்வளவு குறைந்தது என்றுதான் கேட்கிறார்கள். நான் நினைத்துக்கொள்வது அதையல்ல. அந்தச் சோற்றில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் பிள்ளைகளுக்காக நாலு கரண்டி சாப்பிட்டாள், தெரிந்த நான் என் மானத்துக்காக ஒரு கரண்டி நேரம் சும்மா இருந்தேன் என்பதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.