விருந்தாளிக்கு வைத்த சோப்பு

என் மகளின் கல்லூரித் தோழி போன வாரம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க வந்தாள். அதற்காக நான் லீவு போட்டு முன்னறையைக் காலி செய்தேன். தலையணை உறைகளை மாற்றினேன். பாத்ரூம் தரையை மூன்று தடவை தேய்த்தேன். கடைசியில் புது சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உறையைப் பிரித்து வைப்பதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, ஒரு சோப்புக்கா இம்மா நேரம் நிக்கிற?" என்றாள் மகள்.

அந்தப் பெண் வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், போய்விட்டாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை.

இது எனக்கு எட்டு வயதில் தொடங்கியது. அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் வேலை செய்தார். எங்கள் சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். அங்கே ஒரு நிலக்காரர் வீட்டில் தாத்தா காலமெல்லாம் ஏர் ஓட்டியவர். அந்த வீட்டுக்குள் எங்களில் யாரும் போனதில்லை. மாட்டுக் கொட்டகை வரை போகலாம். தாகம் என்றால் குனிந்து இரண்டு கைகளையும் ஏந்த வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். அப்பாவும் சிறுவயதில் அப்படிக் குடித்தவர்தான். அதை அவர் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல இனிப்பு என்று மட்டும் சொல்வார்.

அந்த நிலக்காரரின் மகனை ஒருநாள் பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறார் அப்பா. பத்திர ஆபீஸ் வேலையாக மாதக் கடைசியில் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்று அவர் சொல்ல, எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று அப்பா கூப்பிட்டிருக்கிறார். "ஆவட்டும், பாக்கலாம்" என்றாராம் அவர். அப்பா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாளே சுண்ணாம்பு வந்தது. முன்னறையிலிருந்து எங்கள் துணிமூட்டைகள் வெளியேறின. அப்பா இரண்டு வாரம் ஓவர்டைம் பார்த்தார். பின்பக்கக் குளியலறையின் தகரக் கதவு போய், தாழ்ப்பாளுடன் மரக்கதவு வந்தது. முழங்கால் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், சிவப்பு பக்கெட், கண்ணாடி, பூப்போட்ட டர்க்கி டவல், மாடத்தில் உறை பிரிக்காத சந்தன சோப்பு. அழுக்காகிவிடக் கூடாது என்று அந்த வாரம் முழுக்க நாங்கள் தெருக்குழாயில் குளித்தோம்.

"அவரு ஒரு பேச்சுக்கு சொல்லிக்கீறாரு. அதுக்கா இம்மாம் வேல?" என்றாள் அம்மா.

"வராருன்னா வராரு. அந்த சோப்ப எவனா தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

'எவனா' என்றாலும் வீட்டில் பிள்ளை என்று இருந்தது நான் ஒருத்திதான்.

டேபிள் ஃபேன் எங்களிடம் இல்லை. அடுத்த தெருவில் இருந்த, அதே உருக்காலையில் கிரேன் ஓட்டும் மாமா கொடுத்தார். அவரும் எங்கள் ஊர்தான். "உங்க ஐயா நம்ம ஊட்டுத் தண்ணிய தொடுவாராபா? பேஜாரு புட்ச்சவன் நீ" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அப்பா சிரிக்கவில்லை.

சொன்ன நாளில் கார் வந்தது. அப்பாவை விடப் பத்து வயது இளையவர் அவர். அப்பாவை 'நீ' என்றார், அப்பா அவரை 'ஐயா' என்றார். வாசலில் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அறையைக் கழுத்தை நீட்டிப் பார்த்து, "நல்லாத்தான் வச்சிக்கீற" என்றார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

"காபி எனக்கு ஆவாது. எளனி கெடச்சா போதும்."

அவர் ஒன்று கேட்டுவிட்டார் என்பதில் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹைவேக்குப் பறந்தார்.

அப்பா தலை மறைந்ததும் அவர் எழுந்து கார் பக்கம் போனார். டிரைவர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்ற, சாலையோரம் நின்று முகம், கை, கால் கழுவிக்கொண்டார். காரிலிருந்த தன் துண்டால் துடைத்தார். "ஆபீஸ்ல கூப்ட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லிடு" என்று அம்மாவைப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றாள்.

எட்டு வயதுக் கணக்கு எளிமையானது. விருந்தாளி போய்விட்டார், எனவே சோப்பு இனி யாருக்கும் சொந்தமில்லை. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உறையைப் பிரித்து, முகம், கழுத்து, கை எல்லாம் மூன்று தடவை தேய்த்துக் கழுவி, டர்க்கி டவலில் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் கை ஒடியும் விஷயம் நினைவுக்கு வந்தது.

அப்பா நான்கு இளநீரோடு வந்தார். கார் இல்லை. நேரே பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"சோப்பு ஈரமா கீது. கை கால் கழுவினாரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் நெற்றி முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுவிக்கினுதான் போனாரு. அவசரமா கூப்ட்டாங்களாம்."

அம்மா என்னை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டாள் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

சாயங்காலம் ஃபேனைத் திருப்பிக் கொடுக்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஃபேன் கேரியரில், நான் முன் கம்பியில். என் தலைக்கு நேர்மேலே அப்பாவின் மூக்கு. சந்தன வாசனை அவருக்கு எட்டிவிடக் கூடாது என்று வழியெல்லாம் நான் தலையைத் தாழ்த்திக்கொண்டே வந்தேன். திருப்பத்தில் அவர் ஒருமுறை குனிந்தார். சைக்கிள் லேசாக ஆடியது. பிறகு நேரானது.

"இன்னாபா, காரு அப்பவே போய்டுச்சே?" என்றார் கிரேன் மாமா.

"ஆபீஸ்ல கூப்ட்டாங்க. நம்ம ஊட்லதான் மூஞ்சி கழுவினு போனாரு. சோப்பு பாதி கரஞ்சி போச்சி" என்றார் அப்பா, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி.

மாமா என்னைக் கம்பியிலிருந்து தூக்கி இறக்கினார். அவர் முகம் என் கன்னத்தை உரசியது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நல்லதுபா. சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார்.

உருக்காலைத் தூசியில் நிற்கிறவர்களுக்கு மூக்கு அடைத்துப்போகும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அப்படி அடைத்துவிட்டதற்காக அன்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.