கிரேஸ் அக்கா போர்த்திய துண்டு

கிரேஸ் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் இரும்புலியூரில் என் மினி ஹாலின் வாசலில் நின்று, காதுகுத்து விழாவுக்குப் பலூன் கட்ட வந்தவர்களுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகள் பெனிட்டா. "அண்ணா, அம்மா காபி குடிச்சிட்டு சேர்ல உக்காந்திருந்தாங்க. அப்படியே போயிட்டாங்க" என்றாள்.  பிறகு அவளே சொன்னாள்: "தனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும் கடையை மூடிட்டு வரக்கூடாதுன்னு அம்மா முன்னாடியே சொல்லி வெச்சிருக்காங்க. உங்க வியாபாரிகள் குரூப்ல போட்டுடுங்கண்ணா." கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன பிறகும் நம்மை வேலை வாங்க அக்காவால்தான் முடியும்.

அவரைப் பற்றி இந்த குரூப்பில் இருக்கும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "என் சர்வீஸ் பூரா வேலை கேட்டு வர்றவங்க முகத்தையே பாத்தாச்சு பாஸ்கர். இனிமே வேலை குடுக்கிறவங்க முகத்தைப் பாக்கணும்" என்பார். ஓய்வு பெற்ற கையோடு நம் வட்டார வியாபாரிகள் சிலரைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை, சொந்தமாகத் தொழில் தொடங்கி மற்றவர்களுக்கும் வேலை கொடுக்கிற இளைஞர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது. அதற்கு 'வேலை கொடுத்த கை' என்று பெயரும் வைத்தார். என்னை அந்தக் குழுவில் சேர்த்தது ஹால் இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக. என் அறிவுக்காகச் சேர்த்ததாகத்தான் இன்றுவரை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா தேர்வு செய்யும் விதமே தனி. சொல்லாமல் கொள்ளாமல், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பார். பெருங்களத்தூரில் ஓர் இளைஞர் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசில் எங்களை உட்காரவைத்துச் சுவரில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அக்கா பாத்ரூம் எங்கே என்று கேட்டு வெளியே போனவர், அந்த இளைஞரின் ஆட்கள் மாடிப்படியில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா இருக்கு தம்பி, வர்றோம்" என்று எழுந்துவிட்டார். முடிச்சூரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி கழுவும் குழு ஒன்றை நடத்துகிற பெண்ணைப் பார்க்கப் போனபோது, அவள் தன் ஆட்களோடு வேனின் பின்பக்கம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவும் ஒரு கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு விருது யாருக்கு என்று எங்களிடம் அவர் கேட்கவே இல்லை.

எல்லோரும் இளைஞர்களிடம் "எவ்வளவு சம்பாதிக்கிற?" என்றுதான் கேட்பார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "உன்கூட எத்தனை பேர் சாப்பிடறாங்க?"

விழாவுக்கும் இரண்டு விதிகள் வைத்திருந்தார். விருதைச் சிறப்பு விருந்தினர் கொடுக்கக் கூடாது, அந்த இளைஞரிடம் வேலை செய்பவர்களில் ஒருவர்தான் கொடுக்க வேண்டும். விருந்தினர் வேண்டுமானால் கைதட்டலாம். இன்னொன்று, பொன்னாடை கிடையாது, நல்ல பருத்தித் துண்டு. "பொன்னாடை பீரோவுக்குத்தான் போகும். துண்டுன்னா நாளைக்கே வேர்வை துடைக்கலாம்" என்பார்.

முதல் ஆண்டு விழாவை எப்படி மறப்பது? தேர்வானவன் ஊரப்பாக்கத்தில் கேட்டரிங் நடத்தும் தினேஷ். இன்ஜினியரிங் படித்தவன். ஓய்வு பெற்ற ஆசிரியரான அவன் அப்பா வெங்கடேசன் சாருக்கு மகன் கரண்டி பிடிப்பதில் பெரிய மனக்குறை. நண்பர் மூலமாக ஒரு கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தார். விழா ஞாயிற்றுக்கிழமை, மறுநாளே பதில் சொல்லியாக வேண்டும். தினேஷ் தலையாட்டிவிட்டால் அவனை நம்பியிருக்கும் அத்தனை பேரும் வேறு இடம் தேட வேண்டும். அக்காவுக்கு அதுதான் கவலை. மகனுக்கு ஊர் கூடி மரியாதை செய்வதை அப்பா கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று நம்பி, வெங்கடேசன் சாரை நேரில் போய் அழைத்திருந்தார்.

எல்லாம் சரி, நாள் குறித்ததில்தான் கோளாறு. அக்கா சர்ச் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தார். "அக்கா, அன்னிக்கு முகூர்த்த நாள்" என்றேன். "நல்லதுதானே, நல்ல நாள்ல விழா வெச்சா என்ன?" என்றார். அன்று என் ஹாலுக்கு வரவிருந்த கல்யாணம் ஒன்று பெரிய மண்டபத்துக்கு மாறிப்போன எரிச்சலில் நானும் மேற்கொண்டு வாதாடவில்லை. முகூர்த்த நாளில் கேட்டரிங் நடத்துகிறவனுக்கு விருது கொடுக்கக் கூப்பிட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

மேடை தயார், மைக் தயார், கோட்டு போட்ட சிறப்பு விருந்தினரும் தயார். தினேஷைக் காணோம். கடைசியில் போன் வந்தது. ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்துவிட்டுப் போக நினைத்திருந்தானாம். பரிமாற வருவதாகச் சொன்னவர்கள் காலை வாரிவிட்டார்கள். அவனே சாம்பார் வாளியைத் தூக்கும் நிலைமை, ஆட்களில் ஒருவரையும் அனுப்ப முடியாது. முதல் வரிசையில் இருந்த வெங்கடேசன் சார் எழுந்து, "பாத்தீங்களா மேடம்? இந்தப் பொழைப்புல அவனுக்குக் கிடைக்கிற மரியாதையை வாங்கிக்கக்கூட நேரம் இல்ல. இதுக்குத்தான் வேணாம்னு சொல்றேன்" என்றார்.

அக்கா மைக்கை வாங்கினார். "வேலை இருக்கு, அதனால வரல. இதைவிட நல்ல காரணம் எனக்கு வேணாம்" என்றார். அப்புறம் கேடயத்தையும் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க, நாம போவோம்" என்று இறங்கிவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கைகாட்டி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். கோட்டுக்காரர் ஒரு பக்கம், வெங்கடேசன் சார் ஒரு பக்கம், நடுவில் அக்கா. டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க நான்.

தினேஷ் பரிமாறிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பந்திகள் முடியும்வரை எங்களை நிற்கவைத்தார் அக்கா. வேலைக்கு நடுவே யாரையும் கூப்பிடக் கூடாதாம். பிறகு, விருதைக் கொடுக்கப் போவது யார் என்று கேட்டபோது எல்லோரும் பாத்திரம் கழுவும் ரஞ்சிதம்மாவைத் தள்ளிவிட்டார்கள். "நான் இன்னாத்த குடுக்கிறது? கையெல்லாம் ஈரமா கீது" என்று அவர் பின்வாங்கினார். அக்கா விடவில்லை. ரஞ்சிதம்மா ஈரக் கையோடு கேடயத்தைக் கொடுத்து, துண்டையும் போர்த்திவிட்டு, "கடைசிப் பந்தில எங்க கூட குந்திதான் இந்தப் புள்ள சாப்புடும் சார். எங்களுக்கு எல தீந்துபோச்சுன்னா அதுவும் துன்னாது" என்றார்.

 எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது வெங்கடேசன் சாரும் ரஞ்சிதம்மாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அந்த நண்பருக்குப் போன் போட்டு வேலை வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். அடுத்த ஆண்டிலிருந்து விழா, விருது பெறுபவர் வேலை செய்யும் இடத்திலேயே நடந்தது. என் ஹாலுக்கு இருந்த ஒரே பெருமையும் போயிற்று.

"இவ்வளவு ஓடறேனே, எனக்கு ஒரு துண்டு கிடையாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன் ஹால்ல வேலை செய்யறவங்ககூட சாப்பிடுவியா?"

"பக்கத்துலதானேக்கா வீடு. போய்ச் சாப்பிட்டு வந்துடுவேன்."

"அப்ப துண்டு கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கேட்கும்போதெல்லாம் இதே பதில்தான், இதே சிரிப்புதான்.

அக்காவின் அடக்கத்துக்கு அவர் சொன்னபடியே யாரும் கடையை மூடவில்லை. ஆட்களைப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியினர் வந்து போனதும் மறு பகுதியினர் வந்தார்கள். தினேஷை மட்டும் காணோம். "முதல் விருது வாங்கினவன் வரலியே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்று முகூர்த்த நாள். "வேலை இருக்கு, அதனால வரல" என்றேன்.  சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் பாத்திரங்களோடு அவனுடைய வேன் வந்து நின்றது. தினேஷும் அவனுடைய ஆட்களும் இறங்கி அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். முன் சீட்டிலிருந்து கடைசியாக இறங்கிய வெங்கடேசன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பசங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருந்து கூட்டிட்டு வந்தேன் சார். இல்லன்னா மேடம் கோச்சுக்குவாங்க" என்றார்.

இந்த ஆண்டு விருதுக்கு நாம்தான் அலைய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போவோம். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். நேற்று மதியம் வீட்டுக்குப் போகாமல் டிபன் பாக்ஸோடு ஹாலின் பின்பக்கம் போனேன். வாட்ச்மேன் கன்னியப்பனும் பெருக்குகிற சாந்தியும் என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டார்கள். அவர்களை உட்காரவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. சாந்தி கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்பு என் வீட்டுச் சமையலைவிட நன்றாக இருந்தது. இதை வீட்டில் சொல்வதாக இல்லை. கை கழுவிவிட்டுத் திரும்பியபோது கன்னியப்பன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, "துடைச்சிக்குங்க சார்" என்று என்னிடம் நீட்டினார்.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.