கடைமடையிலிருந்து வராத மிஸ்டு கால்

எனக்குத் தவறாமல் போன் செய்வது ஒரு வாய்க்கால்தான். கேலி இல்லை. சீர்காழிக்குக் கிழக்கே, கடல்காற்று முகத்தில் உப்பைத் தடவும் இடத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்களுக்கு நடுவே அது ஓடுகிறது. பாதி நாள் ஓடாமல் கிடக்கிறது. என் போனில் அதன் பெயர் ‘கடைமடை’. இந்த ஆவணியில் சம்பா நாற்றங்காலுக்காக மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கடைமடை கூப்பிடவில்லை. அடுத்த முறைக்கும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை விடுமுறை. தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

வாய்க்கால் எப்படிப் போன் செய்யும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நான் அறிவியல் வாத்தியார். இங்கே மாறுதலாகி வருவதற்கு முன் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். அங்கே முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். சில நாள் இந்த வாய்க்காலுக்கு, சில நாள் அடுத்ததற்கு. மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் மடையைத் திறக்காவிட்டால் அந்த முறை போச்சு, கடல்தான் குடிக்கும். அதனால் பிள்ளைகளை வாய்க்காலைப் பார்க்க விரட்டுவார்கள். தண்ணீர்க் காலத்தில் முதல் பீரியடில் பாதி வகுப்பு இருக்காது.

இருந்த பாதிக்கு நான் ஸ்மார்ட் டிவியில் பாடம் நடத்த முயன்றேன். போட்ட முதல் நாள் அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. பீரியட் முழுக்கத் திரையில் சதவீதம் ஏறுவதைப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் அறிவியல் நடத்திய எந்த நாளிலும் அப்படி ஒரு கவனத்தைக் கண்டதில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. பழைய பட்டன் போன் ஒன்றைப் பிரித்து அதன் இரண்டாம் பொத்தானில் கம்பிகளைப் பற்றவைத்தோம். தண்ணீர் ஏறினால் காலி பாட்டில் மிதக்கும். மிதந்தால் இரண்டு செப்புத் தகடுகள் ஒட்டும். யாரோ இரண்டை அழுத்திப் பிடிக்கிறார்கள் என்று நம்பி, அதில் பதிந்த எண்ணைப் போன் கூப்பிடும். சார்ஜுக்கு ஒரு சின்ன சோலார் தகடு. எட்டாம் வகுப்பு மொத்தமும் கையைச் சுட்டுக்கொண்டு செய்தது. சோதனைக்கு என் எண்ணைப் பதிந்தோம். மாற்ற மறந்தோம். எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தண்ணீர் வந்தால் தஞ்சாவூரில் என் போன் அடிக்கும். நான் எடுக்கமாட்டேன், எடுத்தால் தவளைதான் பேசும். கடைசி வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் இந்திராணி அம்மாவுக்கு உடனே அடித்து, “தண்ணி வந்துருச்சு” என்பேன். “சரிங்க சார்” என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான் என் சமூக வாழ்க்கை. மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. மகன் மஸ்கட்டில், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான், நெட்வொர்க் அவனை வாய் திறந்தபடியே நிறுத்திவைக்கும். வீட்டில் சமைப்பதும் நான், நன்றாக இல்லை என்பதும் நான். போன் அடித்தால் எடுக்காமல் சிரிக்கிறார் என்று வாடகை வீட்டுக்கார அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கவில்லை. இந்த வயதில் ஒரு கிசுகிசு கிடைப்பது லேசா?

இந்திராணி அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போடவில்லை. போட்டிருந்தால் போவதற்குக் காரணம் இருந்திருக்காது.

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையம். கும்பகோணம் வரை நாற்பது கிலோமீட்டர். சுவாமிமலைப் பிரிவில் ஒரு குடும்பம் ஏறி, எனக்குப் பக்கத்து இருக்கையைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பியது. கும்பகோணத்தில் இறங்கி ஒரு டிகிரி காபி. பிறகு மயிலாடுதுறை வழியாகச் சீர்காழி, இன்னும் அறுபது கிலோமீட்டர். மாயவரம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது. தண்ணீர் இருந்தும் போன் வரவில்லை என்றால் பெட்டி செத்திருக்க வேண்டும். தகவல் தெரியாமல் அந்த அம்மாவின் நாற்றங்கால் காய்ந்திருக்க வேண்டும்.

சீர்காழியிலிருந்து டவுன் பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் என்பதால் காசு கொடுத்தது நானும் ஆட்டுக்குட்டியோடு வந்த ஒரு பெரியவரும் மட்டுமே.

“எங்க சார்?” என்றார் கண்டக்டர்.

“கடைசி ஸ்டாப்.”

“அங்க யாரு இருக்கா உங்களுக்கு?”

“ஒரு போன் இருக்கு.”

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். இறங்கும்வரை டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்டாப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. வரப்பில் மம்பட்டியோடு நின்ற இந்திராணி அம்மா தூரத்திலேயே கண்டுகொண்டார்.

“அட, சாரா! என்ன இந்தப் பக்கம், எலக்ஷன் வேலையா?”

“வாய்க்கால் கூப்பிடலைம்மா. என்ன ஆச்சோன்னுதான் பாக்க வந்தேன்.”

“அதுக்கா இம்புட்டு தூரம்? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“இங்க சிக்னல் கிடைக்கல” என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து தங்கை. இரண்டு வீட்டு மருமகள்களையும் அலசிவிட்டுத்தான் வைத்தார்.

“தண்ணி முந்தாநேத்தே வந்துருச்சு சார். பாருங்க நாத்தங்கால!”

பார்த்தேன். பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தது. காய்ந்திருக்கும் என்று நூறு கிலோமீட்டர் கவலைப்பட்டவன் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அப்ப போன்?”

“காவ்யா நம்பர மாத்திட்டா சார். இப்ப நேரா எனக்கே அடிக்கிது.” காவ்யா அவர் மகள், அந்த எட்டாம் வகுப்பில் அதிகமாகக் கை சுட்டுக்கொண்டவள், இப்போது சீர்காழியில் பிளஸ் ஒன். “‘வாய்க்கா நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கு, அது தஞ்சாவூருக்குப் போன் போட்டு, சாரு திரும்ப நமக்குப் போடணுமா? எந்த ஊரு நியாயம்மா இது?’ன்னா. உங்ககிட்ட சொல்லலையா அவ?”

“சொன்னா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன்.” அன்றைக்கு இரண்டாவது பொய்.

“போன வருசம் மூணு தடவ ஆடு வந்து பாட்டில முட்டிவிட்டுச்சு. நீங்களும் ‘தண்ணி வந்துருச்சு’ன்னீங்க, நானும் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். இப்ப வலை கட்டி வச்சிருக்கா. ஆட்டு வித்தை பலிக்காது.”

“காவ்யா எங்கே?”

“ஸ்பெஷல் கிளாசு. சாயங்காலந்தான் வருவா. பொட்டி இருக்கிற எடம் தெரியும்ல? பாத்துட்டு வாங்க, டீ போடுறேன்.”

மதகு ஓரத்தில் பெட்டி இருந்தது. திறந்தேன். பற்றவைப்பு நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தம். நான் வைத்தால் கொசு அடித்த மாதிரி இருக்கும். பாட்டிலுக்குப் பதில் தெர்மாகோல். இரண்டாம் பொத்தானில் ‘அம்மா’. என் எண் எங்கேயும் இல்லை. செய்முறை வகுப்பு பலித்ததற்கு அடையாளம் வாத்தியாரை வெட்டிவிடுவதுதான் என்று எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போதைய பள்ளியில் தொடுதிரைப் பலகை இருக்கிறது. விரல் வைத்தால் எரிமலை வெடிக்கும். யார் கையும் சுடாது. யாரும் என்னை வெட்டிவிடவும் மாட்டார்கள்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு கொக்கு மட்டும். மூன்றாம் பொத்தானில் என் எண்ணைப் பதிந்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க அழுத்திப் பிடித்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. ‘கடைமடை’. வழக்கம்போல எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

டீ நன்றாக இருந்தது. “மறுபடி எப்ப சார் வருவீங்க?” என்றார். “தண்ணி வரும்போது” என்றேன். “அது வந்தா இனிமே எனக்குல்ல தெரியும்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெட்டிப் போனின் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது இன்னும் நான்தான். காவ்யா அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நானாகச் சொல்லப் போவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணி, புரட்டாசி நல்ல காலம், ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வரப்பு வழுக்கும். காலையிலேயே கிளம்பினால் இருட்டுவதற்குள் தஞ்சாவூர் திரும்பலாம். சீர்காழி தாண்டினால் சாப்பாட்டுக் கடை கிடையாது, கட்டிக்கொண்டு போங்கள். தொப்பி அவசியம். கடைசி ஸ்டாப்பில் இறங்கி வாய்க்காலை ஒட்டியே நடந்தால் மதகு வரும். நீலப் பெட்டி, பூட்டு கிடையாது. இரண்டாம் பொத்தானைத் தொடாதீர்கள், பாவம், அந்த அம்மா மம்பட்டியோடு ஓடி வருவார். மூன்றாம் பொத்தானோடு எந்தக் கம்பியையும் இணைக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் அது தானாக அழுந்தாது. யாராவது அழுத்திப் பிடித்தால்தான் உண்டு.

பிடியுங்கள். இந்தத் தடவை எடுக்கிறேன்.