ஒரே ஆளா, வேறு ஆளா?

சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்துவிட்டுத்தான் எர்மிலா கரண்டியைத் தொடுவாள். கோழிச் சாறு ஆவி பறக்க முன்னால் இருக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். அவளோ கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணம் முழுதும் விழும்படி ஒன்று எடுப்பாள். குடித்து முடித்ததும் காலிக் கிண்ணத்தை இன்னொன்று. வேலை செய்யும் வீட்டில் இப்படி எடுத்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில், லிமா நகரத்து லுரிகாஞ்சோ குன்றின் மேல் தன் வாடகை அறையில், தனக்காகத் தான் வைத்த சாற்றையும் அவள் அப்படித்தான் எடுத்தாள்.

"இத யாருக்கும்மா அனுப்பப் போற?" என்றாள் மகள் சுலெமா.

எர்மிலா திரையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "கை தானா எடுக்குதுடி" என்றாள்.

அந்தக் கை அப்படிப் பழகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நகரின் வசதியான பகுதியான சுர்கோவில் ஒன்பதாம் மாடி வீடு ஒன்றில் மிகேலா என்ற பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. இருபது நாள் சிசுவாகக் கையில் வாங்கியது, இப்போது நான்கு வயது. குழந்தையின் தாய் ஹிமெனா அலுவலகம் போகிறவள். "மணிக்கு ஒரு படம் அனுப்பிடு, மிலா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தின்பதற்கு முன் தட்டு, தின்ற பின் தட்டு. தூங்கும்போது ஒன்று. காய்ச்சல் என்றால் வெப்பமானியில் தெரியும் எண். கொசு கடித்த தடம். பூங்காவில் வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் மற்ற ஆயாக்கள், அவள் வந்தாலே "நிமிந்து உக்காருங்கடி, பத்திரிகைக்காரி வர்றா" என்று கேலி செய்வார்கள். எர்மிலா கோபித்துக்கொள்ள மாட்டாள். "சாட்சி வேணும்ல? நாளைக்குப் புள்ள முட்டியில காயம்னா, எப்ப விழுந்தா, எதுல விழுந்தான்னு எங்கிட்ட படம் இருக்கு. ஒங்ககிட்ட என்ன இருக்கு? வாய்தான் இருக்கு."

நாற்பத்து நான்கு வயது, குள்ளமான உருவம். மின்தூக்கியில் தனியாகப் போனாலும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைப் பார்த்து நிற்பாள். நடைபாதையில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடிக்கு ஒரு காது இல்லை, நூல் கட்டியிருக்கிறாள். கைப்பேசிக்கு உறை கிடையாது. குழந்தைக்குச் சிறிதாகிப்போன ஒரு காலுறையில் போட்டு வைத்திருக்கிறாள். திரையில் ஏதாவது அறிவிப்பு வந்தால் "சரி சரி, பாத்துக்கறேன்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு மூடுவாள். 'சேமிப்பிடம் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்புக்கும் மூன்று மாதங்களாக அதே பதில்தான்.

அன்றைக்கு அந்தப் பதில் எடுபடவில்லை. மூன்று மணிக்கு சுலெமாவுக்குத் தொப்பி அணிவிக்கும் விழா. செவிலியர் பயிற்சியில் முதலாண்டு முடித்தவர்களின் தலையில் ஆசிரியைகள் வெள்ளைத் தொப்பி வைப்பார்கள். சொந்த ஊரான அந்தவாய்லாஸில் இருக்கும் அக்கா தியோதோராவுக்கு அதை முழுக்க வீடியோ எடுத்து அனுப்புவதாக எர்மிலா வாக்குக் கொடுத்திருந்தாள். எர்மிலா வேலை தேடி லிமாவுக்கு வந்த பிறகு, சுலெமாவை ஏழு வயதிலிருந்து வளர்த்தவள் தியோதோராதான். ஒத்திகை பார்க்கலாம் என்று மகளை ஜன்னலோரம் நிறுத்திப் பொத்தானை அழுத்தினாள். நான்கு நொடியில் இடமில்லை என்று பதிவு நின்றுவிட்டது.

"குடு இங்க" என்று வாங்கிக்கொண்டாள் சுலெமா. அவள் லிமாவுக்கு வந்து பத்து மாதம்தான் ஆகிறது. இந்த அறையில் அவள் இருக்கிறாள். அம்மா சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மாலை போய்விடுவாள். இருவருக்கும் இன்னும் ஒரு விருந்தாளி மரியாதை விட்டுப்போகவில்லை. பெட்டியைத் துழாவி ஒரு மெமரி கார்டை எடுத்துச் செருகினாள். "எல்லாத்தையும் இதுல ஏத்திட்டு போன்ல இருக்கறத அழிச்சிடலாம். எதெது வேணும், எதெது வேணாம்னு பக்கத்துல உக்காந்து சொல்லு."

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். கேரட் மசித்த தட்டு, காலித் தட்டு. கேரட் மசித்த தட்டு, பாதித் தட்டு. "ஐயோ பாவம், இந்தப் புள்ளைக்கு வேற எதுவுமே குடுக்க மாட்டீங்களா?" என்று சுலெமா சிரித்தாள். எர்மிலாவும் சிரித்தாள். "அப்ப அதுக்குப் பல்லு மொளைக்கல. இத அழிச்சிரு. இதையும் அழிச்சிரு."

பிறகு தட்டுகள் குறைந்தன. குழந்தை மணலில் உட்கார்ந்து தன் நிழலைப் பிடிக்கப் பார்க்கிறது. குழந்தையின் பிடரி மட்டும், ஈர முடியோடு. தூங்கும் குழந்தையின் உள்ளங்கை. சுலெமாவின் விரல் நின்றது.

"இதெல்லாம் அந்தம்மாவுக்கு அனுப்பினதில்ல போலிருக்கே."

"எல்லாத்தையுமா அனுப்புவாங்க?"

"கைய எதுக்கு எடுத்த?"

எர்மிலா அந்தப் படத்தை விரலால் தள்ளிவிட்டாள். அடுத்தது ஒரு வீடியோ. குழந்தை நாய்க்குக் காலணி போட்டுவிட முயல்கிறது. படத்துக்கு வெளியே ஒரு பெண் சிரிக்கிறாள். மூச்சு வாங்க, நிறுத்த முடியாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிறாள். சுலெமா அதை இரண்டாம் முறை ஓடவிட்டாள்.

"யாரும்மா சிரிக்கிறது?"

"நான்தான்."

"நீ இப்பிடிச் சிரிப்பியா?"

பன்னிரண்டு வருடத்துத் தொலைபேசிப் பேச்சில், சாப்பிட்டியா, பெரியம்மா சொல்றதக் கேக்கறியா, ஸ்வெட்டர் போட்டுக்கோ என்று மட்டுமே பேசிய குரல் அது. எர்மிலா எழுந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கிண்ணத்தை மறுபடி கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது கைப்பேசி தானாகவே வேறொரு வேலை செய்து வைத்திருந்தது. முகங்களைப் பிரித்து அடுக்கியிருந்தது. முதல் வட்டத்தில் மிகேலா, கீழே மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. அடுத்தது அந்த வீட்டு நாய், இருநூற்று ஆறு. ஹிமெனா, நூற்றுப் பத்து. நான்காவது வட்டத்தில் சுலெமா, நாற்பத்தொன்று. அதிலும் பாதிக்கு மேல் அவளே எடுத்து அனுப்பியவை.

"நாய்க்கு அப்புறம்தான் நானு" என்றாள் சுலெமா. வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தாள்.

அதற்குள் திரையில் ஒரு கேள்வி வந்தது. இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இது ஒரே ஆளா, வேறு ஆளா?' என்று கேட்டது. ஒன்று கண் திறக்காத சிசு. மற்றது பிறந்தநாள் கிரீடம் வைத்த நான்கு வயதுப் பெண். "ஒரே ஆளு" என்றாள் எர்மிலா, கண்ணாடியைக்கூடப் போடாமல். அடுத்த இரண்டு. முகத்தைப் பாதி துண்டு மூடியிருந்தது. "ஒரே ஆளு. அந்தக் காது மடல் மடங்கியிருக்கு பாரு." பேச்சு மாறியதில் அவளுக்கு நிம்மதி. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த கேள்வியில் ஒரு பக்கம் சுலெமா, சென்ற மாதம் எடுத்தது. மறு பக்கம் மொட்டைத் தலையில் அரை விரல் முடி முளைத்த ஒரு பையன். கன்னம் ஒட்டிப்போய், சாம்பல் நிறப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"வேற ஆளு" என்றாள் எர்மிலா. சுலெமா பொத்தானை அழுத்தவில்லை. எர்மிலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "யாருடி இது? தியோதோரா வீட்டுப் பக்கத்துப் பயலா?"

"நான்தாம்மா."

கீழே, படிக்கட்டின் அடியில், மூலிகைக் கஷாயம் விற்கிறவனின் வண்டி மணி கேட்டது.

"டைபாய்டு வந்து ஆசுபத்திரியில கெடந்தேன்ல, பதினஞ்சு வயசுல. முடியெல்லாம் கொட்டிருச்சுன்னு பெரியம்மா மழிச்சு விட்டாங்க. அப்ப எடுத்து ஒனக்கு அனுப்பினது."

எர்மிலாவுக்கு முகம் கழுத்துவரை எரிந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது இதுதான். "கண்ணாடி சரியில்ல."

சுலெமா 'ஒரே ஆள்' என்பதை அழுத்தினாள்.

"அழிச்சிரு" என்றாள் எர்மிலா திடீரென்று. "அந்தப் புள்ளையோடத எல்லாத்தையும் அழிச்சிரு. ஒண்ணும் வேணாம். கார்டுலயும் ஏத்தாத."

"நெசமாவா?" சுலெமா மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டையும் ஒரே தட்டலில் தேர்ந்தெடுத்து, கைப்பேசியை அம்மாவின் முன் நீட்டினாள். "நீயே அமுக்கு."

குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேலே எர்மிலாவின் கட்டைவிரல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திரை மங்கியது, பிறகு இருண்டது. இருண்ட கண்ணாடியில் தன் முகம் தெரியவும் அவள் விரலை மடக்கிக்கொண்டாள். மகளுக்குக் கொடுக்க நினைத்த ஒன்றையும் கொடுக்க முடியாமல் போன அவமானம், முந்தைய அவமானத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"தெரியும்" என்றாள் சுலெமா. கைப்பேசியை வாங்கி, எல்லாவற்றையும் மெமரி கார்டுக்கு அனுப்பும்படி வைத்தாள். ஐம்பது நிமிடம் ஆகும் என்றது. ஒரு நீலக் கோடு எறும்பு மாதிரி நகரத் தொடங்கியது.

அந்த ஐம்பது நிமிடத்துக்கு இருவருக்கும் போக வேறு இடமில்லை. ஒரே அறை, ஒரே கட்டில். சுலெமா சீருடைக்கு இஸ்திரி போட்டாள். பல வருடத்து அழுக்கைத் தேய்ப்பது போல ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எர்மிலா கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி தாண்டியபோது பேசினாள்.

"அந்தப் படம் வந்த அன்னிக்கு நான் தொறந்தே பாக்கலன்னு நெனைக்கறேன். புள்ள அழுதுக்கிட்டிருந்திருக்கும்."

"சரி விடும்மா. நான் ஆசுபத்திரியில கெடந்தப்ப ஒனக்கு அவங்க லீவு குடுக்கல. நீ என்ன செய்வ?"

இந்த இடத்தில் எர்மிலா தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான்கு வருடமாக அப்படித்தான் இருந்தாள். அந்தப் பொய் தியோதோராவிடம் நின்றது, பக்கத்து வீட்டாரிடம் நின்றது, அவளிடமே நின்றது. ஆனால் காலையிலிருந்து எல்லாப் பக்கமும் திறந்துகிடந்த கைப்பேசிக்கு எதிரே உட்கார்ந்து அதை இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் கேக்கவே இல்லடி."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"கேட்டிருந்தா வீட்டுக்கார சென்யோரா குடுத்திருப்பாங்க. நல்லவங்கதான். நான் கேக்கல. அந்தப் புள்ளைக்கு அப்ப முப்பது நாளு. என் விரலப் புடிச்சுக்கிட்டா விடாது. வேற யார் தூக்குனாலும் கத்தும். ஒனக்கு தியோதோரா இருக்கா, இதுக்கு நான்தான்னு… அப்பிடி நெனச்சுக்கிட்டேன்." நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "அந்தப் புள்ளைய எடுக்கறப்பல்லாம் ஒன்னத்தான் நெனச்சேன்னு சொல்லலாம். சொன்னா அதுவும் பொய்யி. நெனைக்கல."

சுலெமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நாலு வருசமா அந்தப் பொம்பளைய நான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "தெனம் ராத்திரி ஜெபத்துல சேத்துத் திட்டினேன்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிச் சீருடையை மாட்டிக்கொண்டாள். முதுகுப் பக்கப் பொத்தானுக்குக் கை எட்டவில்லை. எர்மிலா எழுந்து வருவதற்குள் அதை அவளே எப்படியோ போட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்குக் குன்றிறங்கினார்கள். மஞ்சள் வர்ணம் அடித்த படிகள், முந்நூறுக்கு மேல். சுலெமா முன்னால் போனாள். எர்மிலா மூன்று படி பின்னால், ஆயா வேலைக்குப் போகிற இடத்தில் நடப்பது போலவே, பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். சிற்றுந்திலும் தனித்தனி இருக்கை. மண்டப வாசலில் பிரியும்போது மகள், "வீடியோ எடுக்க இப்ப எடம் இருக்கு. ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்று மட்டும் சொன்னாள்.

குடும்பத்தார் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். எர்மிலா கதவோரம், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடைக்குப் பெண்கள் அணிவகுத்து வந்தார்கள், அறுபத்திரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சீருடை, ஒரே கொண்டை, கொண்டைக்கு ஒரே வலை. எர்மிலா கைப்பேசியை உயர்த்தினாள். திரை ஒவ்வொரு முகத்தையும் சுற்றி ஒரு சிறிய மஞ்சள் சதுரம் போட்டுக்கொண்டே போனது. ஒரு சதுரம், இன்னொரு சதுரம். அவள் மகள் எந்தச் சதுரத்தில் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, இருந்தும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்பு கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, இடது கோடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். நெற்றி, புருவம், வாய். இவளில்லை. இவளில்லை. பெயர்கள் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் வரிசை முடிந்தது. நான்காம் வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவதாக, சுலெமா நின்றிருந்தாள்.

சுலெமா ஆசிரியையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. அவள் கண்கள் கடைசி வரிசைக்கு வந்தன, எர்மிலாவின் முகத்தைத் தொட்டன, நிற்காமல் கடந்து போயின. மறுபடி முன்வரிசைக்குத் திரும்பித் தேட ஆரம்பித்தன.

எர்மிலா எழுந்து நின்றாள். அது போதவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் மேல் ஏறினாள். "அம்மா, எறங்குங்க, விழுந்துருவீங்க" என்று கதவோரக் காவலாளி சட்டையைப் பிடித்து இழுத்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவள் காது நுனிவரை சிவந்துபோய், வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளையைப் போல வலது கையை முழுக்க நீட்டி உயர்த்தினாள். உயர்த்தியபடியே நின்றாள்.