பந்தி மேசையில் வஞ்சிரம்

பெயர் ரோஸி. வயது நாற்பத்தேழு. கணவர் ஆரோக்கியராஜ், படகில் கடலுக்குச் செல்பவர். இருப்பிடம் திருவான்மியூர்க் குப்பம். தொழில், மீன் விற்பதும் ஆய்ந்து கொடுப்பதும். 2022 நவம்பர் 14 முதல் அத்தொழிலை நின்றுகொண்டே செய்கிறார். சேலையை வரிந்து செருகி, சங்கராவின் செதிலை உரித்தபடியே, நெஞ்சுக்குழியை முழங்கையால் இடித்து, "எறங்கு நைனா, எறங்கு" என்று அதட்டுகிறார். மீன் வாங்க வந்த அம்மாள் அரண்டு பின்வாங்குகிறார். அதட்டு வாங்கியது ரோஸியின் இரைப்பை.

தொண்டை வழியே குழாய் இறக்கிப் பார்த்த டாக்டர், உதரவிதானத்தின் துளை தளர்ந்துபோய் இரைப்பையின் மேல்நுனி நெஞ்சுக்குள் எட்டிப் பார்ப்பதாகவும், குனிந்தால் புளித்த நீர் மேலேறும் என்றும் படம் போட்டு விளக்கினார். அதை ரோஸி தம் தோழிகளுக்கு விளக்கிய விதமே வேறு. "ஊர்ல எல்லாருக்கும் கொடலு எறங்கும். எனுக்கு ஏறிக்கினு கீது. அதுக்கு மாடி வூடு கேக்குது."

காரம், புளி, காபி மூன்றுக்கும் தடை. ஆயினும் வாங்க வருபவர்களுக்கு மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பை அவர் வருணித்தால், கேட்பவர்க்கு எச்சில் ஊறும். சொல்பவர்க்கு நெஞ்சு எரியும். உடனே இடுப்பிலிருக்கும் இளஞ்சிவப்பு மருந்து பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஒரு மடக்கு குடிப்பார். அதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து மோந்து பார்த்து, தமக்கும் ஒரு மூடி ஊற்றச் சொன்னார். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் அண்டை கொடுத்திருப்பதால், ஆரோக்கியராஜ் விடிவதற்குள் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்து சேர்கிறார்.

குனியக் கூடாது என்றானபின் ரோஸி சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், கல்யாண மண்டபம் ஒன்று கழித்துவிட்ட பந்தி மேசையை வாங்கிவந்தார். ஆரோக்கியராஜ் அதன்மேல் அருவாமனையை மரையாணி போட்டு முடுக்கிக் கொடுத்தார். வரிசையில் மற்ற மீன்காரப் பெண்களெல்லாம் தரையில் அமர்ந்திருக்க, ரோஸியின் வஞ்சிரம் மட்டும் பந்தியில் பரிமாறியதுபோல் வீற்றிருந்தது.

வம்பு அங்கேதான் பிறந்தது. ஒரு கூடை அடுத்த கூடையைவிட உயரக் கூடாது என்பது அந்த வரிசையின் எழுதாத சட்டம். உயர்ந்த மீன்தானே முதலில் கண்ணில் படும். வரிசையின் மூத்தவரான முனியம்மாளிடம் முறையீடு போயிற்று. ரோஸி தரையில் உட்கார வேண்டும்; இல்லையேல் ஆள் நடமாட்டமில்லாத பஸ் ஸ்டாண்டின் பின்புறம் போய்விட வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

உட்கார்ந்து காட்டுவதாக ரோஸி ஒப்புக்கொண்டார். வரிசை முழுதும் சுற்றி நிற்க, தரையில் குந்தி, கடன் வாங்கிய அருவாமனையில் வெட்டத் தொடங்கினார். மூன்று மீன் வரை ஒன்றும் மேலேறவில்லை. நான்காவதில் வந்தது ஓர் ஏப்பம். காக்கைகள் எழுந்து பறந்தன.

"லாரி ரிவர்ஸ் வருது, தள்ளிக்கோங்கடி" என்றாள் பக்கத்துக் கூடைக் காவேரி.

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வயிறு குலுங்கி இன்னோர் ஏப்பம், அதற்கொரு சிரிப்பு. முனியம்மாள்கூட முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். திடீரென்று ரோஸி மணலில் புளித்த நீரைத் துப்பினார். மேசைக் காலைப் பிடித்து எழுந்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. சிரிப்பு நின்றது.

"யக்கா, இப்ப சொல்லு. குந்தவா, கெளம்பவா?"

முனியம்மாள் முழங்காலைப் பிடித்தபடி நடந்து, அந்த மேசையில் அப்படி என்னதான் சுகம் என்று முணுமுணுத்துக்கொண்டே அதன் பின்னால் போய் நின்றார். அந்நேரம் வாடிக்கைக்காரர் அடையாறு குருபிரசாத் மீன் வாங்க வந்தார். குந்தியிருப்பவளின் உச்சந்தலையைப் பார்த்து அரைமணி நேரம் பேரம் பேசுவது அவர் வழக்கம். இன்று முனியம்மாளின் கண் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. இருவருக்கும் நடுவே, அவர் நெஞ்சு மட்டத்தில், அருவாமனை. முனியம்மாள் வஞ்சிரத்தின் விலையைச் சொன்னார். குருபிரசாத் முகத்தைப் பார்த்தார், அருவாமனையைப் பார்த்தார், சொன்ன பணத்தை எடுத்து வைத்தார்.

அவர் போனதும் முனியம்மாள், ரோஸியின் வஞ்சிரத்தை ஒரு சாண் நகர்த்தி, தம் கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

அந்த வரிசையில் இன்று உள்ள மேசைகள் ஏழு.