கலா சாமியை இடமாகச் சுற்றவில்லை

கலா போய்விட்டாள். எங்கள் தெரு முனையில் செருப்புக் கடை வைத்திருந்த கலாவதி. நேற்று விடியற்காலை... ஹார்ட் அட்டாக்.

அழுவதற்குத்தான் போனேன். ஆத்திரத்தோடு திரும்பி வந்திருக்கிறேன்.

மாலையைப் போட்டுவிட்டு நான் இன்னும் உட்காரக்கூட இல்லை. அவளுடைய நாத்தனார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஷூ மாட்டிக்கினு சாமிய இடமா சுத்தி ஓடினா சும்மா வுடுமா? அதான் வாரிக்கினு போய்ட்ச்சு."

சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டினவர்களில் சிலர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கேயே எழுதுகிறேன்.

போன தை மாதம் நம் ஊரில் ஒரு சேரிட்டி ரன் நடந்தது. ஏழைப் பிள்ளைகளின் கண் ஆபரேஷனுக்காக. கலாதான் எனக்கும் சேர்த்துப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான். கட்டின பணத்தை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாமல், கடைசியில் 'கோயில், தர்மம்' என்பதில் சேர்த்தேன்.

ஷூவும் அவள் கடையில்தான். வாழ்க்கையில் முதல் ஷூ. ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்ட எனக்கு ஒரே கூச்சம்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி தலைய குனிஞ்சிக்கினு இருக்கிற? கால நீட்டு."

"நீ போய் என் கால தொடுறியேடி..."

"தெனம் எத்தினி கால தொடுறேன். உங்கால்ல மட்டும் இன்னா, தங்கமா பூசியிருக்குது?"

கிழக்கு ராஜ வீதியில் ஸ்டார்ட்டிங். நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டும். ஏற்பாடு செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். வடக்கே திரும்பி ஓடுங்கள் என்றார்கள்.

நடுவில் அத்தனை கோயில் இருக்கிறது. அம்மன் இருக்கிறாள், முருகன் இருக்கிறான். சாமி புறப்பாடு எந்தப் பக்கமாகப் போகும் என்று இந்த ஊர்க் குழந்தையைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும்.

"கலா, இது இடமா போகுது. நான் வரல" என்று நின்றுவிட்டேன்.

மெடலை மாட்டுவதற்குக் கடையில் ஆணியே அடித்து வைத்திருந்தவள் அவள். என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். "அப்ப வலமா போவோம் வா. ரோடு இன்னா ஒரு பக்கமாவா ஓடுது?"

விசில் அடித்ததும் எல்லோரும் வடக்கே. நாங்கள் இருவர் மட்டும் தெற்கே...

மேற்கு ராஜ வீதியில் மொத்தக் கூட்டமும் எதிரே வந்தது. "ஆன்ட்டி, ராங் ரூட்!" என்று காலேஜ் பையன்கள் கத்தினார்கள். "நீங்கதான்டா ராங்கு!" என்று இவள் திருப்பிக் கத்தினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு, எனக்கு முன்னால் ஓடினாள்.

ரூட்டில் வராதவர்களுக்கு மெடல் கிடையாது என்றுவிட்டார்கள். மைக்கில் வேறு, "ரெண்டு ஆன்ட்டி செம காமெடி பண்ணிட்டாங்க" என்று அறிவித்தார்கள். அந்த மைக்கைப் பிடித்திருந்தவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கலாவுக்கு இல்லை. "வாழப்பழமாச்சும் குடுத்தான், வா" என்று உரித்துச் சாப்பிட்டாள்.

ஆக, அவள் வலமாகத்தான் சுற்றினாள். கூட ஓடியவள் நான் சொல்கிறேன்.

சரி, இடமாகவே சுற்றியிருந்தால்தான் என்ன?

தினமும் விளக்கேற்றுகிறவள், வெள்ளி தவறாமல் சந்நிதியில் நிற்கிறவள் கேட்கிறேன். கண் தெரியாத பிள்ளைகளுக்காக ஓடினவளைப் போட்டுத் தள்ளுகிறவளா நம் அம்மன்? அம்மனைப் பற்றி இப்படிப் பேச உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கலா கிரிவலம் போனாளே, அப்போது ஒருத்தராவது 'உடம்புக்கு ஆகாதும்மா' என்றீர்களா?

அதே கூடத்தில் கலாவின் வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு நாளா நெஞ்சு கரிக்குது, தோள்பட்ட வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. கேஸுன்னு நெனச்சி மாத்திர குடுத்தோம்."

எல்லோர் காதிலும்தான் விழுந்தது. ஒருவரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. எப்போதோ தை மாதம் ஓடினதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். "அவ ஓடி சாவல. வலமாதான் சுத்தினா. நெஞ்சு வலின்னவள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவாம, இப்ப சாமி மேல பழி போடாதீங்க!"

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர், "பத்மா, சாவு வீடு. வெளிய வா" என்று குரல் கொடுத்தார். நான் போகவில்லை.

கலாவின் மகள் நித்யாதான் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

"பெரிம்மா... நெஜமாவே வலமாதான் போனீங்களா?"

"சத்தியமா, கண்ணு."

"அப்ப சாமி குத்தம் இல்ல?"

"இல்லவே இல்லமா."

"அப்ப... நாங்கதான்..."

அவள் வாயைப் பொத்தினேன். கூடத்தில் நான் போட்ட சத்தம் முழுக்க அவள் காதிலும்தான் விழுந்திருக்கிறது. அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாரும் அந்தப் பெண்ணிடம் போய் எதுவும் கேட்காதீர்கள்.

கலா... நித்யா நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். ரசம் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாகப் போம்மா.