றோலண்டின் பத்துச்சீட்டு

நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் சிசிலி தனியாக இருந்தாள். கணவன் றோலண்ட் திருகோணமலையில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் சமையல்காரன். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருவான். அவளுடைய அண்ணனும் அங்கேதான் வேலை செய்தான். நாற்பத்திரண்டில் ஜப்பான் விமானங்கள் போட்ட குண்டில் செத்துப்போனான்.

ஐம்பத்தேழில், அந்தத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கப் போவதாகச் செய்தி வந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அதே பேச்சு.

"வெள்ளைக்காரன் கப்பல் போயிட்டா நம்மள யாரு காப்பாத்துவா?" என்றார் கங்காணி செல்லசாமி.

"கப்பல் நின்ன எடத்துலதானே குண்டு விழுந்துச்சு, கங்காணியாரே? நம்ம கொழுந்துக் கூடைமேல எவனாச்சும் போட்டானா?" என்றாள் சிசிலி.

பெண்கள் சிரித்தார்கள். கங்காணி விடவில்லை.

"அந்தக் கப்பல் இல்லேன்னா ஜப்பான்காரன் அட்டனுக்கே வந்து ஒங்கிட்ட டீ கேட்டிருப்பான், புள்ள."

சிசிலி கூடையைத் தராசில் வைத்தாள். றோலண்டின் கடிதம்தான் மனதில் இருந்தது. நேவியோடு சிங்கப்பூருக்கு வருகிறாயா என்று கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். 'தோட்டத்துலதான் எனக்குப் பேர் இல்லையே, வேற என்ன செய்ய?' என்று முடித்திருந்தான்.

சிங்கப்பூர்ப் பக்கம் பல நாடுகள் சேர்ந்து ராணுவ ஒப்பந்தம் போட்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. ஒப்பந்தம் என்றால் எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்குமே, அங்கேயும் குண்டு விழுமே என்று அவளுக்குத் தோன்றியது.

தோட்டத்தை விட்டுப் போனவர் மறுபடி பெயர் பதிய, விலகும்போது கொடுத்த பத்துச்சீட்டைக் காட்ட வேண்டும். இனி எதற்கு, அடுப்பில் போடு என்று சொல்லிவிட்டுத்தான் றோலண்ட் போயிருந்தான். அண்ணன் செத்த இடத்துக்கே அவனும் போகிறான் என்பதால் அவள் போடவில்லை. அந்தோனியார் படத்துக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டாள். ஒன்பது வருடம் ஆகிறது.

படத்தைப் பிரித்தாள். ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. றோலண்டின் பெயரும் தோட்டத் துரையின் கையெழுத்தும் மிஞ்சியிருந்தன.

அவள் கொண்டுபோய்க் கொடுத்த சீட்டைக் கங்காணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பல் போறது நல்லதில்லேன்னுதான் இன்னமும் சொல்றேன். ஆனா இவன் வரட்டும்." அவளோடு ஆபீசுக்கு நடந்தார். றோலண்டின் பெயர் பதிவானது. அன்றைய தபாலிலேயே அவனுக்கு அவள் கடிதம் போனது.

ஐப்பசி மழையில் றோலண்ட் தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தான். மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், வரிசையின் கடைசியில் நின்றான்.

"றோலண்ட்!"

"இருக்கேங்க!" குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

"மெதுவாய்யா, இது கப்பல் இல்ல," என்றார் கங்காணி.

சிசிலி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, சிரித்தபடியே மலை ஏறினாள்.